டெம்போக்காரனுக்குக் கிடைத்த தண்டனை

கண்டபடி வண்டி ஓட்டி ஒருவனை இடித்தால் கேஸ் உண்டு. கண்டபடி ஓட்டி ஊரையே ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்தி வைத்தால் ஒன்றும் கிடையாது. ரத்தம் வந்தால்தான் குற்றமாம். இது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன், எனக்கு விளங்காதது நிறைய உண்டு. ஆனால் இது படித்தவர்களுக்கும் விளங்கியதாகத் தெரியவில்லை.

எழுபதுகளின் கடைசியில் நான் புதுச்சேரியில் ஐஸ் இழுத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் சேலத்தில் லாரி கிளீனர், மரக்காணத்தில் உப்பு வாரினேன், பெங்களூரில் ஒரு ஓட்டலில் எச்சில் இலை எடுத்தேன். எந்த ஊரிலும் ஆறு மாதத்துக்கு மேல் கால் தங்காது. புதுச்சேரியில் மட்டும் இரண்டு வருஷம் ஓடிவிட்டது. காரணம், வீராம்பட்டினத்தில் மீன் வியாபாரம் செய்த ஒரு அக்கா. கரையில் ஏலம் எடுத்து, கூடைகளில் ஐஸ் போட்டு அடுக்கி, மத்தியான வேனில் விழுப்புரத்துக்கு அனுப்புவாள். தினமும் டவுனிலிருந்து நான்கு பாளம் ஐஸை மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் ஏற்றி, உமி தூவி, ஈரச் சாக்கு போர்த்தி அவளிடம் சேர்ப்பது என் வேலை. மழையோ வெயிலோ தினமும் வேலை உண்டு. அப்படியொரு நிரந்தரம் எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

நடுவில் கடலூர் ரோட்டு ரயில் கேட்.

அந்த ரயிலைக் குறை சொல்ல மாட்டேன். நாலைந்து பெட்டி, புகை விட்டுக்கொண்டு ஒரு நிமிஷத்தில் போய்விடும். சனியன் பிடிப்பது அதற்குப் பிறகுதான். கேட் மூடியதும் வரிசையில் நிற்க யாருக்கும் பொறுக்காது. பின்னால் வருகிறவன் வலது பக்கம் காலியாக இருக்கிறதே என்று ஏறி வந்து முன்னால் நிற்பான். அவனைப் பார்த்து இன்னொருவன். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமும் இதே கதை. கேட் திறக்கும்போது ரோட்டின் முழு அகலத்துக்கும் இரண்டு படைகள் மூக்கோடு மூக்கு நிற்கும். பிறகு ஹாரன், வசவு, ஒருவன் அம்மாவை இன்னொருவன் இழுப்பது.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். லாரியில் கிளீனராக இருந்தபோது எத்தனையோ கேட்டில் நானே இறங்கி நின்று, பக்கப் பலகையைத் தட்டி, "வரலாம், வரலாம், ரைட்டு" என்று டிரைவரைத் தப்பான பக்கம் ஏற்றி விட்டிருக்கிறேன். எங்களால் எவன் வேலை கெட்டது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. லாரியின் உயரத்திலிருந்து பார்த்தால் மற்றவர்கள் தலை மட்டும்தான் தெரியும்.

ஐஸ் இழுக்கும்போது வேறு மாதிரி தெரிந்தது. அந்தக் கோடையில் ஒரே வாரத்தில் இரண்டு முறை கேட்டில் மாட்டி, பாளங்கள் பாதியாகப் போய்ச் சேர்ந்தேன். இரண்டாம் முறை அக்கா கூடைகளைக் காலால் தள்ளினாள்.

"இன்னாடா இது, ஐஸா, உங்க ஊட்டு மோரா? ரெண்டு கூடை சங்கரா மீனு நாறிப் போச்சி. இன்னொரு தபா இப்படி வந்த, நான் வேற ஆளப் பாத்துக்கறேன். கோச்சிக்காத."

"கேட்டுக்கா…"

"கேட்டு, பூட்டு எல்லாம் என்கிட்ட சொல்லாத."

நாலு நாள் கழித்து மறுபடி கேட் மூடியிருந்தது. நான் வரிசையின் முன்னால், இடது ஓரமாக ஒழுங்காகத்தான் நின்றேன். ரயில் வருகிற சத்தம் கேட்கும்போது ஒரு காலி டெம்போ வலது பக்கமாக எல்லோரையும் தாண்டி வந்து என் பக்கத்தில் நின்றது. அதன் பின்னாலேயே பத்து ஸ்கூட்டர். டிரைவர் என் வயதுக்காரன், வாயில் பீடி. கேட் திறந்தது. டெம்போவுக்கு நேர் எதிரே கடலூர் பஸ். எனக்கு நேர் எதிரே வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டி. முடிந்தது கதை.

சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் வந்தார். டெம்போக்காரனைக் கீழே இறங்கச் சொல்லி, சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வேப்பமர நிழலில் போய் நின்றார். அவ்வளவுதான் தண்டனை. பாதையை அடைத்துக்கொண்டு நின்றவனுக்கு, அங்கேயே நில் என்று தண்டனை! டெம்போக்காரன் அவர் பின்னால் போய் இன்னொரு பீடி பற்ற வைத்தான். வெயிலில் நின்றது நாங்கள். கடைசியில் பஸ்ஸில் இருந்தவர்களே அவனுக்காகக் கெஞ்ச ஆரம்பித்தார்கள்.

"சார், சாவியக் குடுத்துடுங்க சார். போய்த் தொலையட்டும்."

"அதெப்படி? புத்தி வரணும் இல்ல?"

"அவனுக்குப் புத்தி வர்றதுக்குள்ள எங்களுக்கு உசுரு போவுது சார்."

என் வண்டியிலிருந்து தண்ணீர் கோடு போட்டு ஓடியது. ஒருவர் அதில் துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். ஒரு பெண் குழந்தையின் முகத்தைக் கழுவினாள். பக்கத்து ரிக்‌ஷாவில் ஒரு வயதான சொல்தா உட்கார்ந்திருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். குடைக்குள்ளிருந்து "மெர்து, மெர்து" என்று திட்டிக்கொண்டே இருந்தார்.

"சைகோன்ல இவன மாதிரி ஆளப் புடிச்சி ரோடு பெருக்க வுட்டுருவான். நான் பாத்துருக்கேன்."

"இங்க அவன் பெருக்குனா அதுக்கும் ஒரு மணி நேரம் ரோட்ட மூடுவாங்க தாத்தா" என்றான் ரிக்‌ஷாக்காரன்.

சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். விளிம்புகள் உருண்டுவிட்டன. இன்னும் அரை மணி நின்றால் வேலை போய்விடும். நேராக மரத்தடிக்குப் போனேன். போலீஸிடம் பேசிப் பழக்கமில்லை, வாங்கித்தான் பழக்கம். ஆனால் அன்றைக்கு வாய் வந்தது.

"சார், தப்பு பண்ணவன் நெழல்ல நிக்கிறான். ஒழுங்கா நின்ன என் ஐஸு தண்ணியாப் போவுது. இதுக்குப் பேரு தண்டனையா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற? ஒன் ஐஸ அவன் தலையில ஏத்தி அனுப்பட்டுமா?"

நக்கலாகத்தான் சொன்னார். பஸ் ஜன்னலில் தொங்கியவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். "ஏத்துங்க சார்! ஏத்துங்க!" ரிக்‌ஷாவிலிருந்து சொல்தா குடையை உயர்த்தி ஏதோ பிரெஞ்சில் கத்தினார். போலீஸ்காரருக்கே அது பிடித்துவிட்டது. டெம்போக்காரனைக் கையால் அழைத்தார்.

"டேய், எங்க போற?"

"அரியாங்குப்பம் சார்."

"வீராம்பட்டினம் வரிக்கும் போ. இவன் ஐஸ எறக்கிட்டுத்தான் மத்த வேல. கொண்டு போவலன்னு தெரிஞ்சிது, வண்டி ஸ்டேஷன்ல நிக்கும்."

சாவியை எடுத்து அவன் கையில் போட்டார். பஸ்ஸிலிருந்து ஆறேழு பேர் குதித்தார்கள். நான்கு பாளமும் டெம்போவுக்கு மாறின. சட்டையெல்லாம் நனைந்து, சிரித்துக்கொண்டு, கல்யாண வீட்டில் பந்தி போடுவதுபோல் வேலை செய்தார்கள். என் காலி வண்டியைத் தூக்கி ஓரத்தில் வைத்தார்கள். அந்த இடத்தில் டெம்போ நுழைந்தது. ஸ்கூட்டர்கள் ஒதுங்க, பஸ் நகர்ந்தது. பஸ் போன பக்கத்தில் மாட்டு வண்டி விலகியது. எங்களுக்கு வழி கிடைத்தது. நான் டெம்போவின் பின்னால் ஐஸ் மேல் உட்கார்ந்திருந்தேன். ஜனங்கள் கை தட்டினார்கள். என் வாழ்க்கையில் நியாயம் என்று ஒன்று நடந்து, அதில் நானும் உட்கார்ந்து போனது அந்த ஒரு தடவைதான்.

மிதித்துப் போனால் முக்கால் மணிக்கு மேல் ஆகிற தூரம். கால் மணிக்குள் கரையில் இருந்தோம். அக்கா இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"இன்னாடா, ஏரோப்ளேன்லயா வந்த?"

நான் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் என் பேச்சைக் கேட்கவில்லை. பாளத்தில் ஒரு விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். பிறகு டெம்போவைச் சுற்றி வந்தாள்.

"தம்பி, இது ஒன் வண்டியா?"

"ஆமாக்கா."

"தெனமும் இந்நேரத்துக்கு வந்துருவியா?"

அவன் என்னைப் பார்த்தான். அதை மறுக்க முடியாது, ஒரு தரம் பார்த்தான். பிறகு "வந்துர்றேன்க்கா" என்றான்.

அவன் போன பிறகு நான் அவளிடம் சொன்னேன். "அவனாலதாங்க்கா லேட்டே ஆச்சி. போன வாரம் வேற எவனோ, இன்னைக்கி இவன். நான் ஒழுங்கா நின்னேன்."

"நீ ஒழுங்குதாண்டா, நான் இல்லன்னு சொல்லல" என்றாள், கூடையில் ஐஸை உடைத்துப் போட்டுக்கொண்டே. "அது மீனுக்குத் தெரியுமா?"

கூடையிலிருந்து நாலு சங்கராவை எடுத்து என்னிடம் தந்தாள். நடந்தே கேட்டுக்குத் திரும்பி வந்து வண்டியை எடுத்தேன்.

மறுநாள் பழக்கத்தில் ஐஸ் கம்பெனி வரைக்கும் போய்விட்டேன். அங்கே டெம்போவில் பாளம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வேறு லோடு ஏதாவது கிடைக்குமா என்று காலி வண்டியோடு கடலூர் ரோட்டில் போனேன். கேட் மூடியிருந்தது. என்னைத் தாண்டி, வரிசை முழுவதையும் தாண்டி, வலது பக்கமாக டெம்போ ஏறிப் போய் முன்னால் நின்றது. கேட் திறந்ததும் அதே போலீஸ்காரர் இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஐஸ் வண்டி, ஐஸ் வண்டி! கரைஞ்சிடும், வழி வுடுங்க!"

எதிரே நின்ற பஸ் பின்னால் போனது. சைக்கிள்கள் சாக்கடை ஓரம் இறங்கின. என்னையும் பார்த்து, "ஏய், காலி வண்டி, ஓரங்கட்டு" என்றார். ஓரங்கட்டினேன்.