கிரேஸ் என்றால் சிராய்ப்பு

நான் வேலை பார்க்கும் தகர டப்பா தொழிற்சாலையில், ஒருவருடைய விரலைத் தகரம் லேசாகக் கீறினாலும் அதை ஒரு நோட்டில் எழுதியாக வேண்டும். பெயர், நேரம், எந்த மெஷின், என்ன காயம் என்று நான்கு கட்டங்கள். டைம் ஆபீஸ் குமாஸ்தா என்பதால் அந்த நோட்டு என் மேஜையில் இருக்கிறது. நம் ஊரில் விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இங்கிலாந்தில் வரிசையில் நின்று காயத்தைப் பதிந்துவிட்டுப் போகிறார்கள். வந்த முதல் வாரம், ஃபோர்மேன் ஓர் ஆளின் முழங்கையைக் காட்டி, “கிரேஸ் என்று எழுது” என்றார். பேனாவைப் பிடித்தபடி விழித்தேன். செஞ்சி ஹைஸ்கூலில் நான் படித்த கிரேஸ், மாடு புல் மேய்வது. “கௌ?” என்று கேட்டுவிட்டேன். அறையே சிரித்தது. மாடு எங்கே, மாடு எங்கே என்று ஒரு வாரம் என்னைக் கேலி செய்தார்கள்.

அன்று மாலை அறைக்குப் போய் அகராதியைப் புரட்டினேன். மேய்தல் என்று முதலில் போட்டிருந்தது. கீழே தள்ளி, தோல் உரசிப் போதல், சிராய்ப்பு. தமிழில் மேய்ச்சலுக்கும் சிராய்ப்புக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் என் வாழ்க்கையில் அவை இரண்டும் ஒரே நாளில், ஒரே இடத்தில் நடந்திருக்கின்றன. அது எப்படி இந்த வெள்ளைக்காரர்களுக்குத் தெரிந்தது என்று அறிவுகெட்டத்தனமாக ஒரு கணம் பயந்தேன்.

எனக்குக் கல்யாணம் ஆனது அறுபத்தொன்றில். பெண்ணுக்கு ஊர், செஞ்சிக்குப் பக்கத்து வல்லம். பெயர் பச்சையம்மாள். எங்கள் பசுவை ராஜகிரி மலையடிவாரத்தில் மேய்க்க அவள்தான் ஓட்டிப் போவாள். கல்யாணமாகி ஆறாவது மாதம், கோட்டைச் சுவரோரம் எதையோ பார்த்து மாடு மிரண்டு ஓடியது. கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்திருந்ததால் இவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. சாணமும் மண்ணும் அப்பிய முழங்காலோடு வீட்டுக்கு வந்தாள். தோல் வழன்று, சின்னச் சின்னதாக ரத்தம் பொடித்திருந்தது.

“ஏங்க, ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கவா?” என்று கேட்டாள்.

“சிராய்ப்புக்கெல்லாமாடி ஊசி? மஞ்சளை வச்சிக் கட்டு, சரியாப் பூடும்” என்றேன். அப்போது நான் மண்டியில் கணக்கெழுதிக் கொண்டிருந்தேன். மல்லாட்டை அறுவடை நேரம். நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். மூட்டை மூட்டையாக வந்து இறங்கிக் கொண்டிருந்த அந்த நாட்களில் எனக்கு எதற்கும் பொழுதில்லை.

காயம் நன்றாகவே ஆறியது. பொருக்குக் கட்டி உதிரவும் ஆரம்பித்தது. எட்டாம் நாள் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். அறுவடை முடியட்டும் என்றேன். பேச்சு தடித்து, அவள் அழுது, நான் கத்தி, அப்படியே படுத்துவிட்டோம். மறுநாள் காலையில் அவள் கூழைத் தொடவில்லை. நான் கேட்டதற்குப் பதிலும் சொல்லவில்லை. பல்லைக் கடித்தபடி எதையோ முனகினாள்.

“இன்னாடி, வாயத் தொறந்து சொன்னாதான தெரியும்?” என்றேன்.

தலையை ஆட்டினாள். கண்ணில் நீர் வந்தது. தாடையைக் கையால் தொட்டுக் காட்டினாள். எனக்கு அது நாடகமாகப் பட்டது. அடுப்படியிலிருந்து என் அம்மா, “ரோஷம்டா அவளுக்கு. கெடக்கட்டும் வுடு, பசிச்சா தானா துன்னுவா” என்றாள். சைக்கிளை எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போய்விட்டேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். வாசலில் நின்றிருந்தாள். கையைத் தூக்கினாள். கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று பெடலை மிதித்தேன்.

சாயங்காலம் நான் வந்தபோது அவள் உடம்பு வில்லாக வளைந்து கிடந்தது. வல்லத்துக்கு ஆள் அனுப்பி அவள் அப்பாவை வரவழைத்து, வாடகைக் காரில் பாண்டிச்சேரிக்குக் கொண்டு போனோம். ரணஜன்னி, டெட்டனஸ் என்றார் டாக்டர். “எப்போ அடிபட்டது?” என்று கேட்டார். “அடியெல்லாம் இல்லீங்க, ஒரு சிராய்ப்பு” என்றேன். அவர் என்னையே பார்த்தார். “வாய் எப்போ கட்டிச்சு?”

மாமனார் என் தோளை ஒட்டி நின்றிருந்தார்.

“இப்பத்தாங்க, சாயங்காலம்” என்றேன்.

நான்காம் நாள் அவள் போய்விட்டாள். “நீங்க இன்னா பண்ணுவீங்க மாப்ள, பாத்த ஒடனே தூக்கிக்கினு வந்துட்டீங்க” என்று சொல்லி, சுடுகாட்டில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார் அவர். அந்த வார்த்தைக்குப் பிறகு என்னால் ஊரில் இருக்க முடியவில்லை. வல்லத்து ஆள் யாரையாவது சந்தையில் பார்த்தால் சந்துக்குள் நுழைந்துகொள்வேன். வேலைக்கு ஆள் வேண்டும் என்று இங்கிருந்து ஒரு சிநேகிதன் எழுதியதும் கப்பலேறிவிட்டேன். எல்லோரும் பிழைக்கப் போனான் என்று சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

வந்த பிறகு ஒரு நிம்மதி இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். சிராய்ப்பு என்ற சொல்லை இங்கே யாரும் சொல்வதில்லை. கிரேஸ் என்று ஒரு மாதத்தில் நாற்பது முறை எழுதினாலும் என் பேனா நிற்கவில்லை. அந்தச் சொல்லுக்கு முகமில்லை. கீறலுக்கு ஒரு சொல், கன்றிப்போனால் ஒரு சொல், வெட்டுக்கு ஒரு சொல் என்று இவர்கள் பிரித்து வைத்திருப்பதைக் கற்றுக்கொண்டேன். எல்லாவற்றிலும் இளைத்தது கிரேஸ்தான். ‘ஜஸ்ட் எ கிரேஸ்’ என்று, முன்னால் ஒன்றைச் சேர்த்துக்கொண்டுதான் அதைச் சொல்வார்கள். நாம் சிராய்ப்புக்குப் பின்னால் ‘தான்’ சேர்ப்பதைப் போல.

போன குளிர்காலத்தில் பேக்கிங் பிரிவில் இருக்கும் டோரிஸ் என்ற அம்மாள், தொழிற்சாலை முற்றத்தில் சைக்கிளோடு சறுக்கி விழுந்தாள். கரி ஏற்றி வரும் குதிரைவண்டி நிற்கிற இடம் அது. முழங்கால் முழுக்கச் சேறு. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே என் மேஜைக்கு வந்து, “ஜஸ்ட் எ கிரேஸ், லவ்” என்றாள். இங்கே எல்லோரையும் அப்படித்தான் அழைப்பார்கள். எழுதப் போனேன். சேற்றுக்கு நடுவே சின்னச் சின்னதாக ரத்தம் பொடித்து நின்றது.

ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னேன். சிரித்தாள். மறுபடியும் சொன்னேன். ரத்தத்தைப் பார்த்தால் உனக்குப் பயமா என்று கேட்டாள். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். நோட்டை மூடி அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, “ஓப்பன் யுவர் மவுத்! ஓப்பன் யுவர் மவுத்!” என்று கத்தியிருக்கிறேன். முழங்காலைக் காட்டியவளிடம் வாயைத் திறக்கச் சொன்னால் யாருக்கு என்ன விளங்கும்? ஃபோர்மேன் என்னை வெளியே இழுத்துப் போனார். என்னை அடக்குவதற்காகவே நர்ஸ் அவளுக்கு ஊசி போட்டாள்.

மறுநாள் டோரிஸ் வந்து, “யார் அது?” என்று மட்டும் கேட்டாள். “மை வைஃப்” என்றேன். எத்தனை நாளில் வாய் கட்டியது என்று கேட்டாள். ஒன்பது என்றேன். அதற்கடுத்த நாளிலிருந்து தினமும் காலையில், வருகைக் கார்டு குத்த வரும்போது என் ஜன்னலருகே நின்று வாயை அகலத் திறந்து காட்டிவிட்டுப் போனாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவளுடைய திறந்த வாயைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னொரு வாய்தான் தெரிந்தது. அவள் விழுந்து ஒன்பது நாள் தாண்டிய அன்று மாலையே ஏர்மெயில் தாள் வாங்கி மாமனாருக்கு எழுதினேன். சாயங்காலம் அல்ல, காலையிலேயே வாய் கட்டிவிட்டது, ரோஷம் என்று நினைத்து விட்டுவிட்டுப் போனேன், கையைத் தூக்கிக் கூப்பிட்டாள், டாக்டரிடம் பொய் சொன்னேன். இவ்வளவுதான் எழுத முடிந்தது. மன்னிப்புக் கேட்கவில்லை. எந்தச் சொல்லில் கேட்பது?

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. எப்போதும் அன்புள்ள மாப்பிள்ளைக்கு என்று தொடங்குபவர், இந்த முறை அழைக்காமலே தொடங்கியிருந்தார். அவர் பேசுவது போலவே இருந்தது எழுத்து.

“கடுதாசி வந்துச்சி. இங்க மழ இல்ல. அரிசிக்கு ரேஷன் கடையில நிக்கிறோம். கல்யாணத்துல நீங்க ரெண்டு பேரும் எடுத்துக்கின படம் எங்கூட்டுச் செவுத்துலதான் மாட்டியிருந்திச்சி. ஒம் பக்கத்த வெட்டிடச் சொல்லி எம் பசங்க கத்தரிக்கோலோட வந்தாங்க. பாத்தேன். ஒங் கை அவ தோள் மேல இருக்குது. எங்க வெட்டனாலும் அவளுக்கும் பட்டுடும். அதனால வெட்டல. படத்தத் திருப்பி மாட்டிட்டேன். இனிமே எழுதாத.”

நான் எழுதவில்லை. தினமும் எட்டு மணிக்கு இங்கே வந்து உட்கார்ந்து, வருகிறவர்களின் காயங்களைக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். வல்லத்தில் ஒரு வீட்டில் சுவரைப் பார்த்தபடி, அவள் தோளில் கை வைத்து நின்றுகொண்டிருக்கிறேன்.