கந்தப்பன் கங்காணியின் கூர்மையான கண்

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக் கந்தப்பன் கங்காணிக்குத் தன் கண்ணைப் பற்றித்தான் பெருமை. கொழுந்துக் கூடையில் ஒரு முத்தல் இலை கிடந்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி எடுத்துவிடுவார். எடுத்ததும் சட்டைப்பையிலிருந்து கொப்பியை உருவி, இன்னார் கூடையில் முத்தல் என்று எழுதி வைப்பார். பெண்டாட்டி கையில் மாவுக்கட்டோடு இரண்டு நாள் சோறு போட்டதைக்கூட அந்த மனுசன் கவனிக்கவில்லை என்று தொழிலாளர் குடியிருந்த லயத்தில் சொல்வார்கள். அவரிடம் கொழுந்து பறிக்கும் ராக்காயி அதை அப்படியே நம்பினாள்.

ஆட்கள் கொழுந்து பறிக்க இறங்குமுன் தேயிலை மலையில் குளவிக்கூடு இருக்கிறதா என்று பார்ப்பதும் கங்காணியின் வேலை. அன்று ஐந்தாம் நம்பர் மலையைச் சுற்றி வந்தவர், நேற்று விட்டுப்போன கொழுந்து எங்கே நிற்கிறது என்று செடியையே துருவிக்கொண்டு வந்தார்.

"ஒன்னுமில்ல, எறங்குங்க," என்றார்.

ராக்காயி முதலில் மேலேதான் பார்ப்பாள். இன்னொரு முறை குளவி கொட்டினால் உயிர் தங்காது என்று போன வருடம் டாக்டர் சொல்லியிருந்தார். நடு நிரைக்கு நேர்மேலே, நிழல் மரத்தில், பூசணிக்காய் அளவுக்குக் கூடு தொங்கியது.

"கங்காணி, தலைக்கு மேல கூடு இருக்குங்க. நான் எறங்க மாட்டேன்."

அவர் நிமிரவேயில்லை. அதற்குள் நடு நிரையில் இறங்கிப் பறிக்கத் தொடங்கியிருந்த நாகலெட்சுமியின் கூடைக்குள் கையை விட்டிருந்தார். "வேல செய்யாம இருக்க ஒனக்கொரு சாக்கு. வீட்டுக்குப் போ," என்று கொப்பியை எடுத்தார்.

மற்றப் பெண்கள் மேலே பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள். கூடையைக் கங்காணி பிடித்திருந்ததால் நாகலெட்சுமியால் மட்டும் நகர முடியவில்லை. காற்றில் கிளை ஆடியது. குளவி கலைந்தது.

மூன்றாம் நாள் தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை அதைப் பற்றி விசாரித்தார்.

"யாரும் எங்கிட்ட சொல்லலைங்க தொர," என்றார் கங்காணி. முகம் வீங்கி, ஒரு கண் மூடியிருந்தது. மற்றவர்கள் பயத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அவரு கொப்பியப் பாருங்க தொர," என்றாள் ராக்காயி.

தொரைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. கங்காணியையே வாசிக்கச் சொன்னார். திறந்திருந்த ஒற்றைக் கண்ணருகே கொப்பியைப் பிடித்துக்கொண்டு, தயங்காமல் வாசித்தார் அவர்.

"குளவிக்கூடு இருப்பதாகச் சாக்குச் சொல்லி ராக்காயி இறங்கவில்லை. நாகலெட்சுமி கூடையில் முத்தல் ஏழு."

பிறகு தலை நிமிர்ந்து, "ஏழு முத்தல், தொர," என்றார்.

ராக்காயிக்குக் கோபம்கூட வரவில்லை. அருவருப்புதான் வந்தது.

"நாகலெட்சுமிக்கு இன்னும் நெனவு திரும்பலைங்க," என்றாள்.