கீழ்வரி மட்டும் எழுதிய தாள்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள், தமிழ் எனக்கு ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. மெல்பேர்னில் நாங்கள் முதலில் போய்வந்த தேவாலயத்தின் ஆண்டுமலரில், அக்காலத்து இசைப் பொறுப்பாளரைத் திறமையை இனங்காண்பதில் வல்லவர் என்று புகழ்ந்திருக்கிறார்கள். திறமையாம்.

எழுபதுகளின் நடுவில் என் சின்னம்மா ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஊரில் மாதா கோயிலில் ஆர்கன் வாசித்தவர். பக்கத்து மெஷினில் நேப்பிள்ஸ்காரி ஒருத்தி இருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் அவள் துணி வெட்டும் மேசையில் சோக்கால் பியானோக் கட்டைகள் கீறி, தன் நாட்டில் முற்காலத்துப் பிள்ளைகள் பழகிய முறையைக் காட்டினாள். இடக்கைக்கான கீழ்வரி மட்டும் தாளில் இருக்கும். அது ஏறினால் மேலே என்ன வரும், இறங்கினால் என்ன வரும் என்று சில விதிகள் மனதில் இருக்கும். வலக்கைக்கு உரியதை வாசிப்பவரே அந்த நேரத்தில் கட்டவேண்டும். எங்கள் வீட்டில் பியானோ இல்லை. சின்னம்மா குசினி மேசையில் கீழ்வரியைத் தட்டி, மேலே வருவதை வாயால் பாடுவார்.

தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்க ஆள் தேடினார்கள். அந்த வேலை கிடைத்தால் தேவாலயச் சாவி சின்னம்மாவிடம் இருக்கும். நினைத்தபோது உண்மையான கட்டைகளில் வாசிக்கலாம். அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஆங்கிலம் போதாதென்று பதினொரு வயதான என்னையும் கூட்டிப்போனார்.

சின்னம்மா வாசித்து முடித்ததும் பொறுப்பாளர் அவர் கொண்டுவந்த கீழ்வரித் தாளை எடுத்துப் பார்த்து ஏதோ கேட்டார்.

“என்னவாம்?” என்றார் சின்னம்மா.

“மேல்வரி எங்கையெண்டு கேக்கிறார்.”

“அது என்ரை விரலிலை இருக்கெண்டு சொல்லு.”

சொன்னேன். மறுபடி வாசிக்கச் சொன்னார். அதே கீழ்வரி, மேலே முற்றிலும் வேறு, முதலாவதைவிட அழகு. அவர் என் பக்கம் திரும்பி, வீட்டிலும் இப்படி மாற்றித்தான் வாசிப்பாரா என்று கேட்டார். யாரிடமும் வாய் திறக்காத எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை. ஒருநாளும் ஒரே மாதிரி வாசிக்கமாட்டார் என்றேன்.

அவர் ஆர்கன் மூடியைச் சாத்தினார். பாடத்தை ஒழுங்காகப் பழகாதவருக்கு இங்கே இடமில்லை என்றார்.

இரண்டு தரமும் ஒரு பிழை இல்லை. மாற்றி வாசிப்பதற்காகவே உள்ள முறை அது. தெரியாவிட்டால் கேட்டிருக்கலாம், சின்னம்மா மூன்றாம் தரமும் வாசித்துக் காட்டியிருப்பார். பொறுப்பாளருக்கோ எங்களுக்கு வாசலைக் காட்டத்தான் தெரிந்தது. இன்று மலரில் முழுப்பக்கப் படம் வேறு.

ட்ராமில் சின்னம்மா வெளியே பார்த்தபடி இருந்தார்.

“பிழை விட்டனீங்களோ, சின்னம்மா?”

“இல்லை ராசா. நீ உண்மையைத்தானே சொன்னனீ.”

அதைப் பாராட்டென்று எண்ணி, இறங்கும் தரிப்பு வரை நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன்.

2012 ஆடி 8, ஞாயிறு