ஆறு வீட்டு வாளி

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த எங்கள் லயத்தின் ஆறு வீடுகளுக்கும் ஒரே கக்கூசுதான். திருவிழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடிச் சிரமதானம் செய்து அதைக் கழுவுவோம். வீட்டுக்கு ஒரு பொருள் கொண்டுவந்து, எல்லாரும் பார்க்க ஒரே வாளியில் கொட்ட வேண்டும். கொட்டாத வீட்டைப் பற்றிய பேச்சு அடுத்த திருவிழா வரை ஓடும்.

எனக்கு அப்போது பத்து வயது. அந்த வருடம் சவர்க்காரத் தூளோடு பிளீச்சிங் பவுடரும் வாளியில் விழுந்தது. பெரியம்மா, பதுளை டவுனில் வாங்கிய கக்கூசு கழுவும் அசிட் போத்தலைப் பெருமையாகத் தூக்கிக் காட்டினார். அதில் எல்லாம் சிங்களம். எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

"ஊத்தாதீங்க பெரியம்மா! வேற எதோடயும் கலந்தா விஷப் புகை வருமுன்னு போட்டிருக்கு!"

"சிங்களத்துல முப்பது மார்க்கு எடுத்தவ வாசிக்க வந்துட்டா!" என்றார் பெரியம்மா.

அம்மாவைத் தவிர லயமே சிரித்தது. ஊற்றியதும் வாளி புஸ்ஸென்று பொங்கியது. நன்றாக வேலை செய்கிறது என்று எல்லாருக்கும் சந்தோஷம். பெரியம்மா வாளியோடு உள்ளே போனார். சேலையைத் தூக்கிச் செருக வேண்டுமே என்று கதவையும் சாத்திக்கொண்டார்.

முதலில் இருமல் கேட்டது. பிறகு கதவில் கை மோதும் சத்தம். குழாயடிச் சண்டையில் இரண்டு மாதமாகப் பெரியம்மாவோடு பேசாத அம்மா, எல்லாரையும் தள்ளிவிட்டு ஓடிக் கதவை உதைத்து, அவரை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"மேட்டுக்குத் தூக்குங்க! காத்து வர்ற பக்கம்! யாரும் உள்ள போகாதீங்க!" என்று கத்தினேன். பெரியவர்கள் அத்தனை பேரும் நான் சொன்னபடி செய்தார்கள். அந்த ருசியை நான் இன்றுவரை மறக்கவில்லை.

இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாலையே திரும்பிய பெரியம்மா, "இவளுக்கு நூறு மார்க்குப் போடணும்" என்று லயம் முழுக்கச் சொன்னார். மருந்துப் போத்தல், சோயாமீட் பைக்கட் என்று சிங்களம் ஒட்டிய எல்லாமே என்னிடம் வாசிக்க வந்தன. திருவிழாவில் சாமிக்கு அடுத்தபடி நான்தான்.

அம்மாவை மட்டும் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். என் புகழைக் கேட்க வீட்டில் இல்லையே என்று எனக்குக் கோபமாக இருந்தது. அம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு. அன்று நான் வாசித்ததை நம்பிய ஒரே ஆளும் அம்மாதான். நம்பிக்கொண்டேதான் உள்ளே ஓடியிருக்கிறார்.