கடவுளிடம் மட்டும் சொன்னவள்

போர்கில்டுக்கு வருகிற சனிக்கிழமை எழுபது முடிகிறது. எங்கள் தீவில் எழுபதாவது பிறந்தநாள் என்றால் ஆளைச் சும்மா விடமாட்டார்கள். ஜெப வீட்டில் நீள மேசை போட்டு, கேக்குகளை அடுக்கி, யாராவது ஒருவர் எழுந்து அந்த ஆளின் வாழ்க்கையை எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும். இந்த முறை அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். "தோருன், நீதானே அவளுக்கு நெருக்கம்" என்றார்கள். நெருக்கமாம்! நாற்பது வருடமாக அவளிடம் நான் பட்ட பாட்டுக்குப் பெயர் நெருக்கம் என்றால், சரி, நெருக்கம்தான்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் இரண்டு பேருடைய ரகசியம் வருகிறது. ஒன்று என் கணவர் ஹால்வருடையது, மற்றது போர்கில்டுடையது. இருவரிடமும் தாளைக் கொடுத்து, படிக்கச் சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகுதான் வாசிக்கிறேன். இந்தப் புத்தி எனக்கு மூன்று வருடம் முன்னாலேயே வந்திருக்கலாம்.

போர்கில்ட் முப்பத்தொரு வருடம் எங்கள் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். தீவில் யாருக்கு யார் எழுதுகிறார்கள், யாருக்கு நீதிமன்றத்திலிருந்து உறை வருகிறது, எவனுக்கு இரண்டு ஊர்களிலிருந்து வாசனைக் கடிதம் வருகிறது, எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை வெளியே வந்ததில்லை. என் சொந்தத் தங்கைக்கு வந்த பார்சலைப் பற்றி ஒரு நாள் கேட்டுவிட்டேன். "சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். போ போ, வேலையப் பாரு" என்று ஜன்னலை என் மூக்குக்கு முன்னால் சாத்தினாள்.

ஆனால் ஜெபத்துக்கு யாரும் அவளிடம் கையெழுத்து வாங்கவில்லையே! வந்த வினையே அதுதான்.

இருபத்தாறு வருடமாக ஒவ்வொரு செவ்வாயும் அவள் வீட்டில் ஜெபக்குழு கூடுகிறது. ஒன்பது பேர். பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, கம்பளிக் காலுறையோடு வட்டமாக உட்கார்ந்து, கைகோத்துக் கண்ணை மூடிக்கொள்வோம். ஒருவர் ஜெபித்து முடித்ததும் அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் தொடங்க வேண்டும். வாய்விட்டு ஜெபிக்க மனமில்லாதவர் பக்கத்துக் கையை ஓர் அழுத்து அழுத்தினால் போதும், முறை அடுத்தவருக்குப் போய்விடும். உட்காருவதற்கு முன்பே அடுப்பில் காபியை ஏற்றிவிடுவாள் போர்கில்ட். அவள் ஜெபித்து முடிப்பதற்குள் அது கொதித்துக் கொதித்துத் தார் மாதிரி ஆகியிருக்கும். இருபத்தாறு வருடமாக அந்தக் கண்றாவியைத்தான் குடிக்கிறோம்.

அவள் ஜெபத்தைக் கேட்டால் உள்ளூர் செய்தித்தாள் வாங்க வேண்டியதில்லை. "ஆண்டவரே, ஆர்ஹெய்ம் வீட்டுக் கூரை ஒழுகறது உமக்குத் தெரியும். மூத்தவன் பெர்கன்ல சொகுசா உட்கார்ந்துக்கிட்டு ஒரு ஆணி அடிக்கக்கூட வரல, அதுவும் உமக்குத் தெரியும்." கடவுளுக்குத்தான் தெரியுமே, பிறகு ஏன் சொல்கிறாய் என்று யாரும் கேட்க முடியாது. ஜெபத்தின் நடுவே எவன் வாயைத் திறப்பான்? ஒரு முறை, "ஆண்டவரே, நம்மள்ல சிலர் கடையில வாங்கின கேக்க வேற டப்பாவுல மாத்திக் கொண்டு வர்றாங்க. அவங்களுக்கு நேர்மையான மனசு குடும்" என்றாள். அந்தச் சிலர் நான்தான். கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்தேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஹால்வர் விஷயம் வேறு.

ஹால்வர் முப்பத்தைந்து வருடம் படகுச் சேவையில் இருந்தார். அத்தனை வருடமும் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுத்தார். மூன்று வருடம் முன்னால், ஏப்ரல் மாதம், காலை ரொட்டியில் பழுப்புச் சீஸை வைத்துக்கொண்டே சொன்னார்:

"தோருன், எனக்கு ஜெபம் வரமாட்டேங்குது."

"களைப்பா இருக்கும்."

"களைப்பு இல்ல. பேசறேன், அந்தப் பக்கம் யாரும் இல்ல. இலையுதிர் காலத்துலேர்ந்தே இப்படித்தான்."

"என்னாச்சு? ஏதாவது நடந்துச்சா?"

"ஒண்ணும் நடக்கல. ஒரு நாள் பேசினேன், யாரும் இல்ல. அவ்வளவுதான்." பிறகு கத்தியைக் கீழே வைத்தார். "இத யார்கிட்டயும் சொல்லாத."

சொல்லமாட்டேன் என்றேன். நாலு நாள் தாங்கினேன். ஐந்தாம் நாள் கடையில் உறைந்த மீன் பெட்டிக்குப் பக்கத்தில் போர்கில்டைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முப்பத்தொரு வருடம் கடித ரகசியம் காத்தவள் இதையும் காப்பாள் என்று நினைத்தேன், மடச்சி. எல்லாவற்றையும் கொட்டினேன். "நீ ஜெபிச்சுக்கோ. ஆனா வாயத் திறக்காத" என்றேன். "நான் திறப்பேனா?" என்று என் கன்னத்தைத் தடவினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, ஹால்வர் அதே வட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, ஆர்ஹெய்ம் கூரையை முடித்துவிட்டு மூச்சு வாங்காமல் தொடர்ந்தாள்: "ஆண்டவரே, ஹால்வரைத் தொடும். உம்ம தேடியும் கண்டுபிடிக்க முடியாம தவிக்கிறார். அவருக்கு ஜெபம் வரல. தோருன் கடையில நின்னு அழுதா, நீர் பார்த்தீர்."

பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. யாரும் கண்ணைத் திறக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது: காலுறைக் கால்கள் வாசலுக்குப் போவது, மழைக்கோட்டு ஜிப் ஏறுவது, கதவு சாத்துவது. போன வேகத்தில் அவர் போர்கில்டின் புருஷன் ஓஸ்முண்டின் பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஓஸ்முண்டின் கால் படகு போல இருக்கும். ஜல்லிப் பாதையில் தொப் தொப்பென்று அந்தச் சத்தம் தூரத்தில் தேயும்வரை போர்கில்ட் ஜெபித்துக்கொண்டே இருந்தாள்.

முடிந்ததும் அவளை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"யார்கிட்டயும் சொல்லாதன்னு சொன்னேன்ல?"

"யார்கிட்டடி சொன்னேன்? கடவுள்கிட்டதானே சொன்னேன்."

"எட்டு பேர் உட்கார்ந்திருந்தோம்!"

"எல்லாரும் கண்ண மூடிக்கிட்டுதானே இருந்தீங்க?"

"காதையுமா மூடிக்கிட்டிருந்தோம்?"

அவள் முகத்தில் உண்மையான ஆச்சரியம். அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. தெரிந்து செய்திருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்தேன். ஹால்வர் அந்தப் பெரிய பூட்ஸோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போர்கில்டை நான் ஒரு பிடி பிடித்துவிட்டேன் என்று ஆரம்பித்தேன்.

"அவ மேல எனக்குக் கோபம் இல்ல" என்றார். "அவ என்னைக்கும் அப்படித்தான். நான் அவகிட்ட சொல்லல. உன்கிட்ட சொன்னேன்."

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசியது உப்பு எங்கே, பஸ் எத்தனை மணிக்கு என்பது மட்டும்தான். ஐந்து வாரம். காலையில் படகுக் கொட்டகைக்குப் போனால் இருட்டும் நேரத்துக்குத்தான் வருவார். கடவுள் அவரோடு பேசவில்லை, அவர் என்னோடு பேசவில்லை. நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

இதற்கு நடுவில் குழு உதவ ஆரம்பித்துவிட்டது! அஞ்சல் பெட்டியைத் திறந்தால் வசன அட்டைகள். ஓய்வுபெற்ற வாத்தியார் சீவெர்ட், கடவுள் இருக்கிறார் என்பதற்கு நாலு பக்கத்தில் சிவப்பு மையில் கோடு போட்டு எழுதி அனுப்பினார். ராக்னா யாரோ செத்த வீட்டுக்குக் கொண்டுவருவது போல மீன் அடை கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போனாள். ஹால்வர் அடையைச் சாப்பிட்டார். சீவெர்டின் நாலு பக்கமும் அடுப்புப் பற்றவைக்கப் பயன்பட்டது. ஓஸ்முண்டின் பூட்ஸ் மட்டும் எங்கள் வாசலில் அப்படியே நின்றது. கொடுத்துவிட்டு வர நான் போகவில்லை, வாங்கிக்கொண்டு போக அவர்களும் வரவில்லை. பாவம் அந்த மனுஷன், மழையில் மரச் செருப்போடு ஐந்து வாரம் நடந்தார்.

ஆறாம் வாரம், ஒரு திங்கட்கிழமை, கொட்டகைக்குக் காபி கொண்டுபோயிருந்தேன். ஹால்வர் வாங்கிக்கொண்டார், வழக்கம்போலப் பேச்சில்லை. கதவில் நிழல் தட்டியது. பார்த்தால் போர்கில்ட். கையில் ஹால்வருடைய பூட்ஸ்.

"உன் பூட்ஸ்" என்றாள்.

"அங்க வை."

வைத்தாள். போகவில்லை. கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். அவள் பேசாமல் உட்கார்ந்திருப்பதை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. எனக்கே பயமாகிவிட்டது.

"எனக்கும் ஒண்ணும் கேக்கறதில்ல, ஹால்வர்" என்றாள் கடைசியில்.

"என்ன கேக்கறதில்ல?"

"அந்தப் பக்கம். யாரும் இல்ல. எப்பலேர்ந்துன்னு கூடத் தெரியல, முப்பது வருஷம் இருக்கும். வாய மூடினா அந்த அமைதி கேக்குது. அதான் நான் மூடறதில்ல."

ஹால்வர் கையிலிருந்த காபியைக் கீழே வைத்தார். "அப்போ ஆர்ஹெய்ம் கூரைக்கு இருபது நிமிஷம் ஜெபிச்சியே?"

"அதுவும் அப்படித்தான்."

"யார்கிட்டதான் பேசிக்கிட்டு இருந்த?"

"அதத்தான் நானும் கேக்கறேன்" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கு உனக்கு அப்படின்னு தோருன் சொன்னதும் எனக்கு என்னமோ ஆயிடுச்சு. எனக்காகக் கேக்க வேண்டியத உன் பேர்ல கேட்டுட்டேன். தப்பு. நாளைக்கு வா. என் பக்கத்துல உட்காரு. ஒண்ணும் சொல்ல வேணாம்."

"நீ வாய மூடிக்கிட்டு இருப்பியா?"

"பாக்கறேன்."

வெளியே போகும்போது என் கையைப் பிடித்தாள். "இத ஜெபக்குறிப்பா ஆக்கிடாத, தாயே."

யார் யாரிடம் சொல்வது பாருங்கள்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஐந்து வாரம் என் வீட்டை மயானமாக்கிவிட்டு, இப்போது ரகசியம் காக்கச் சொல்கிறாள். திரும்பினேன். ஹால்வர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இதையாவது மனசோடு வைத்துக்கொள்வாளா இவள் என்றுதான் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை ஹால்வர் தன் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்தார். வட்டத்தில் நான், எனக்குப் பக்கத்தில் போர்கில்ட், அவளுக்குப் பக்கத்தில் ஹால்வர், அவருக்கு அடுத்து சீவெர்ட். அடுப்பில் காபி ஏறியது. கண்ணை மூடினோம். ராக்னா ஜெபித்தாள், ஓஸ்முண்ட் ஜெபித்தார், என் முறை வந்தது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஒரே ஒரு வாக்கியம் போதும், அவள் எனக்குச் செய்ததை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம். அதுவும் ஜெபமாக, பக்தியோடு, யாரும் குறுக்கே பேச முடியாமல்.

"ஆண்டவரே" என்றேன், "போர்கில்டை உமக்குத் தெரியும்."

என் கைக்குள் அவள் கை கட்டையாகிப் போனது. நகம் என் உள்ளங்கையில் பதிந்தது. அவளுக்கு அந்தப் பக்கம் ஹால்வர் மூச்சுவிடும் சத்தம்கூட நின்றுவிட்டது.

"அவ்வளவுதான்" என்றேன். "ஆமென்."

இப்போது அவள் முறை. ஆர்ஹெய்ம் கூரை வரும் என்று எல்லோரும் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்தார்கள். வரவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். போர்கில்ட் ஹால்வருடைய கையை ஓர் அழுத்து அழுத்தினாள். குழு தொடங்கிய நாளிலிருந்து முதல் முறை. ஹால்வர் வாய் திறக்கவில்லை. கையை அழுத்தி சீவெர்டுக்கு அனுப்பவும் இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார். சீவெர்ட் தன் முறைக்காகக் காத்திருந்தார், முறை வரவே இல்லை. மழை கூரையில் விழுவது கேட்டது. அடுப்படியில் காபி பொங்கி வழிந்து கருகிய நாற்றம் வந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. அந்தப் பக்கம் யாராவது இருந்தார்களா? இருந்தார் என்று நான் சொல்வேன். மற்ற இருவரும் இன்றுவரை அதைப் பற்றிப் பேசியதில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது காரை நான்தான் ஓட்டினேன். பாதி வழியில் ஹால்வர், "சொல்லிடுவியோன்னு பயந்தேன்" என்றார்.

"நானும்தான்" என்றேன்.

பிறகு, படகுத்துறை வளைவு வந்ததும், அவராகவே ஒரு விஷயம் சொல்ல ஆரம்பித்தார். ஆறு வாரத்தில் முதல் முறை. வண்டியை ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டேன்.

அது என்ன என்று, இந்தத் தாளைப் படித்ததிலிருந்து போர்கில்ட் இரண்டு முறை கேட்டுவிட்டாள். ஜெபிப்பதற்காக மட்டும்தானாம். சொல்லவில்லை.