விளம்பரத்தில் என் மகள்

சிதம்பரத்தில் கணக்கர் வேலை, கடலூர் செம்மண்டலத்தில் வீடு. இரண்டுக்கும் நடுவே, பஸ்ஸில் உட்கார்ந்து போனில் இன்டர்நெட் மார்க்கெட்டிங் படித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மகளுக்குச் சாதாரணக் காய்ச்சல். கிளினிக்கில் அவளை மடியில் போட்டுக்கொண்டே போனில் நேரலை வகுப்பைக் கவனித்தேன். கேமராவை அணைக்கத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு, அண்ணாகிராமத்திலிருந்து என் மனைவியின் தம்பி மூச்சிரைக்க வந்து நின்றான். "புள்ள எங்க மாமா?"

மகள் முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். கையில் மஞ்சள் துணியில் முடிந்த காசு. அவள் பிழைத்தால் மொட்டை போட்டுக்கொள்வதாக வேண்டியிருந்தானாம்.

போனை நீட்டினான். எனக்கு வகுப்பெடுக்கும் பயிற்சியாளரின் விளம்பரம். மடியில் மகளோடு நான். மேலே, "உயிருக்குப் போராடும் மகள்! படிப்பை விடாத அப்பா!"

பயிற்சியாளரைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"கோவப்படாதீங்க சார். இதப் பாத்துதான் ஜாஸ்தி பேர் சேந்திருக்காங்க. நாளைக்கு இதையே பாடமா எடுக்கப் போறேன்."

அன்றோடு அந்த வகுப்பை விட்டேன்.

"எல்லாம் பொய்டா, காச அவுத்துடு" என்றேன் மச்சானிடம்.

"சாமிக்கு முடிஞ்சத அவுக்கக் கூடாது மாமா. புள்ள நல்லாயிருக்காளே, அது போதும்."

அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம். இருந்தும் மொட்டை போட்டுக்கொண்டு வந்தான். மகள் அந்தத் தலையைத் தடவித் தடவிச் சிரித்தாள். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஏனென்றால் அந்த விளம்பரத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. 'தலைப்பு நல்லா இழுக்குதே' என்றுதான் நினைத்தேன்.