பாண்டியம்மாள் வாங்கிய பொறி

உசிலம்பட்டியில் டீ குடிக்க இறங்குகிறேன். சந்தை வாசலில் வேளாண் பிரச்சார வேன் ஒன்று நிற்கிறது. அதனருகே இளம் அலுவலர் ஒருத்தி பிளாஸ்டிக் பொறியைத் தூக்கிக் காட்டுகிறாள்.

“கத்திரித் தோட்டத்துல இதைத் தொங்கவிடுங்க. உள்ள பெண் பூச்சியோட வாசனை இருக்கு. ஆண் பூச்சி தேடி வந்து மாட்டிக்கும். முட்டை குறைஞ்சா புழுவும் குறையும்.”

“ஆம்பள புத்தி எங்கயும் ஒண்ணுதான்!” என்கிறாள் காய்காரி ஒருத்தி. கூட்டமே சிரிக்கிறது.

என் பக்கத்தில் நிற்கும் பெண் மட்டும் சிரிக்கவில்லை. கையில் அப்போதுதான் வாங்கிய பூச்சிமருந்து பாட்டில். விறுவிறுவென்று எதிரே உள்ள மருந்துக்கடைக்குப் போகிறார். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார். அந்தப் பெண் வேனுக்கு வந்து, அலுவலரின் பதிவேட்டுக்கு “பாண்டியம்மா” என்று பெயர் சொல்லி, நாலைந்து பொறிகளை வாங்குகிறார்.

“இதுல புழு அடங்குமாக்கா?” என்று கேட்கிறேன்.

“கொஞ்சம் சொத்தை விழுந்தா விழட்டும் தம்பி. போன தடவ மருந்தடிச்சுட்டு எங்க வீட்டுக்காரரு வரப்புலயே மயங்கி விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். அம்புட்டுப் பயம் போதும்.”

பொறிகளை இடுப்பில் அணைத்தபடி போனை எடுக்கிறார்.

“ஏங்க, மருந்து வாங்கல. அந்த ஸ்ப்ரேயரக் கழுவிக் கவுத்து வைங்க. நான் வாரேன்.”